மண்ணில் கால் படாமல்

அன்று காலை முதலாவதாக நாற்பத்தொன்றாம் எண் மூடியை ஊசி முனையால் நெம்பியபோது உள்ளேயிருந்து எதுவும் அதைப் பிடித்து இழுக்கவில்லை.

அவள் ஊசியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி நெம்பினாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய அந்த மண் மூடி, நூலால் ஆன கீலில் பின்னால் சாய்ந்து, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் போலத் திறந்துகொண்டது. இருபத்தொரு வருடமாக மூடிச் சிலந்திகளை எண்ணுகிறவளுக்கு அது சரியாகப் படவில்லை. சரிவான மண்ணில் விரல் பருமனுக்கு வளை தோண்டி, உட்சுவரை நூலால் மெழுகி, மண்ணையும் பாசியையும் நூலில் குழைத்து வாசலுக்கு ஒரு மூடி செய்துகொண்டு, சாகும்வரை அந்த ஒரே வளைக்குள் கிடக்கிற பிராணி அது. அந்நியமான எதுவும் மூடியைத் தொட்டால் உள்ளேயிருந்து நகங்களைக் கோத்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்பு ஊசி வழியாக விரலுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதுபோல என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்தப் பதில் வந்தால்தான் உயிர் இருக்கிறது என்று எழுதலாம்.

சின்ன டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தாள். சிலந்தி இருந்தது. வளையின் அடி ஆழத்தில், எட்டுக் கால்களையும் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, மண்ணுக்குள் இன்னும் புதைய முடியுமா என்று பார்ப்பதுபோலக் குறுகிக் கிடந்தது. ஒரு கால் மட்டும் நடுங்கியது.

நாற்பத்திரண்டும் அப்படித்தான். நாற்பத்து மூன்றும்.

பத்து மணிக்குள் அறுபது மூடிகளைத் திறந்தாகிவிட்டது. பின்னால் விழுந்து கிடந்த மரத்தின் மேல் குந்தியிருந்த டேப்புக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மூடிகளின் விட்டத்தையும் இடைவெளியையும் அளந்து எழுதுவது அவர் வேலை. தலைமை அலுவலகம் அனுப்பி எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

“என்ன தம்பி, எழுதறீங்களா?”

“எழுதறேன்க்கா. திறந்தது, இழுக்கலை. அறுபது தடவை எழுதியாச்சு. எனக்கே என் கையெழுத்து பிடிக்கலை.”

“பயந்தா மூடியைப் பிடிச்சுக்கும். இருபத்தொரு வருஷத்துல இப்படிப் பார்த்ததில்லை.”

“ரொம்பப் பயந்துட்டா? பிடிச்சு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுருச்சோ என்னவோ.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மூடியின் பக்கத்திலும் குத்தியிருந்த மஞ்சள் கொடியைச் சரிசெய்துவிட்டு, மரத்தின் மேலேயே முழங்காலால் நகர்ந்து அடுத்த எண்ணுக்குப் போனாள். அந்தச் சரிவில் மண்ணில் கால் வைப்பதில்லை என்பது அவள் போட்ட சட்டம். சாணுக்கு ஒரு வளை. எங்கே மிதித்தாலும் ஒரு மூடி நொறுங்கும், ஒரு கூரை இடியும். நல்லவேளையாக, சரிவின் நடுவில் அவர்கள் கொட்டகை போட்டிருந்த இடத்திலிருந்து ஏழு மரங்கள் கீழே நாலாபக்கமும் விழுந்து கிடந்தன. ஏதோ ஒரு பழைய புயலில் சாய்ந்தவை என்று முதல் வருட அறிக்கையில் எழுதியிருந்தாள். அவற்றின் மேல்தான் நடை. அவற்றின் மேல் படுத்துக்கொண்டுதான் வேலை.

கொட்டகை நின்ற இடமும் ஒரு நல்லவேளைதான். செங்குத்தான அந்தச் சரிவு முழுக்க ஒரு நாற்காலி போடச் சமதரை கிடையாது. அங்கே மட்டும் தட்டு வைத்ததுபோல வட்டமாக முப்பதடி முற்றம். முழுக்கப் பாசி, ஒரு செடி முளைத்ததில்லை. பின்பக்கம் செங்குத்தான பாறை. பாறையை ஒட்டித் தகரக் கொட்டகை. நான்கு வருடம்.

இன்றோடு அந்த வேலை முடிகிறது. சரிவை வெட்டிச் சாலை போடுவதா, சுற்றிப் போவதா என்று முடிவு செய்கிறவர்களுக்கு அவள் கணக்கு போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் கார் எடுத்துக்கொண்டு வருகிறாள். வழக்கமாகக் கீழே சாலையிலேயே காத்திருப்பாள். நேற்று சாயங்காலம் கீழே இறங்கிப் போய்ப் போன் பேசியபோது அம்மாதான் மேலே வரச் சொன்னாள்.

“பெட்டி ரெண்டு இருக்கு குட்டி. இந்தத் தம்பிக்கு இடுப்பு சரியில்லை.”

“வர்றேன்மா. என் இடுப்பு இருக்கிறதே உன் பெட்டி தூக்கத்தானே.”

“மரத்து மேலேயே வரணும். மண்ணுல கால் வைக்கக்கூடாது.”

“எழுதக் கத்துக்கறதுக்கு முன்னாடியே அதைத்தான்மா கத்துக்கிட்டேன். உன் மூத்த பொண்ணுங்க எட்டுக் காலோட உள்ள தூங்குதுங்க, எழுப்பிடக்கூடாது. தெரியும்.”

பழைய சரிவுகளில், பள்ளி விடுமுறைகளில், அம்மாவின் பின்னால் கட்டைகள் மேல் நடந்து வளர்ந்த பெண். இருபத்தாறு வயதாகிறது. மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவள், மரத்தின் மேல் ஏறினால் இன்றும் பூனை.

பதினொரு மணிக்கு இருவரும் கொட்டகைக்கு வந்து பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேஜை ஆடியது. டேப்புக்காரர் குனிந்து மேஜைக் காலுக்கு அடியிலிருந்த மடித்த காகிதத்தை உருவினார்.

“நேத்து சாயங்காலம் இதை வெச்சப்போ மேஜை நேரா நின்னுச்சு. இப்ப எடுத்தாத்தான் நேரா நிக்குது. பொழுது சாஞ்சா உங்க கொட்டகையும் சாயுதுக்கா. பென்சில் எல்லாம் பின்சுவத்துக்கு ஓடுது.”

“ஒரு வாரமா இருக்கு. மண்ணு காயறதுல தகரம் இழுக்கும்.”

“காலையில மறுபடி நேராயிடுதே?”

பேச்சை மாற்ற, தான் கண்டுபிடித்த ஒரே விஷயத்தை அவருக்குச் சொன்னாள். வளையின் வாசலைச் சுற்றிச் சிலந்தி ஏழெட்டுச் சருகுக் காம்புகளைக் கதிர்கள் மாதிரி பரப்பி வைத்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியும் வாசல் விளிம்போடு நூலால் கட்டியிருக்கும். எறும்பு ஒன்று காம்பின் மறுமுனையில் ஏறினாலும் உள்ளே தெரிந்துவிடும். மூடி திறக்கும், பாயும், இழுக்கும், மூடும். கண் இமைக்கிற நேரம்.

“அந்தக் காம்பைப் புல் நுனியால நான் தினமும் ஒரே மாதிரி தட்டினேன். மொத நாள் பாய்ஞ்சு வந்துச்சு. மறுநாளும் வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு வரலை. நான் வேற, இரை வேறன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல ஒரு வண்டு நடந்தா உடனே வருது. நான் தட்டினா, ஓ அந்த அம்மாவான்னு படுத்துக்குது.”

“எங்க மாமியாரும் அப்படித்தான்க்கா. நான் கூப்பிட்டாத் திரும்பறதே இல்லை.”

இப்போது சிரித்தாள். அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. இவருக்கு முன்னால் வந்த இரண்டு அளவுக்காரர்களும் பாதி வேலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள். இரண்டாம் வருடம் ஒருவர், போன வருடம் ஒருவர். இரண்டு பேரும் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முதல் ஆளின் பையைப் பார்சலில் வீட்டுக்கு அனுப்பினாள். பெறுபவர் இல்லை என்று திரும்பி வந்தது. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று அலுவலகத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள்.

ஒன்றேகால் மணிக்கு, ஓடைக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு டேப்புக்காரர் காலிக் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே சில்வண்டுகள் ஒரே சுருதியில் அறுத்துக்கொண்டிருந்தன; தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று விரிந்தது; ஈரப்பாசியின் வாடையோடு இன்னொரு வாடை, பல நாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடை, கதவிடுக்கு வழியாக வந்து மூக்கில் நின்றது. அவருடைய ரப்பர் பூட்ஸ் முற்றத்துப் பாசியில் சப் சப்பென்று போய், முற்றத்தின் விளிம்பைத் தாண்டி, மரத்தின் மேல் ஏறி, டக் டக்கென்று மாறியது. எதையோ முனகிக்கொண்டே போனார். டக். டக். டக்.

அப்புறம் ஒரு சத்தம். நனைந்து ஊறிய பெரிய பேரேட்டை யாரோ பொத்தென்று மூடியதுபோல.

மேஜைமேல் இருந்த பென்சில் பின்சுவர் வரை உருண்டது. சுவரில் முட்டியது. திரும்பி அவள் கைக்கே உருண்டு வந்தது.

சில்வண்டுகள் நின்றிருந்தன.

“தம்பி?”

வழுக்கி விழுந்திருப்பார். இடுப்பு வேறு சரியில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நடு மரத்தின் மேல் யாரும் இல்லை. மரத்துக்கு இருபுறமும் சரிவு முழுக்க மஞ்சள் கொடிகள் ஒன்றுகூடச் சாயாமல் நின்றன. விழுந்திருந்தால் கொடிகள் நசுங்கியிருக்கும். மரம் தொடங்குகிற இடத்தில், முற்றத்தின் விளிம்பில், தண்ணீர்க் கேன் பக்கவாட்டில் கிடந்தது.

நல்ல கேன், விட்டுவிட்டு எங்கே போனார் என்று குனிந்து எடுத்தாள். வரவில்லை. கேனின் தோள்வார் மண்ணுக்குள் போயிருந்தது. புதைந்திருக்கவில்லை. இரண்டு பலகைக்கு நடுவில் துணி மாட்டிக்கொண்டதுபோல, வார் நேராக ஒரு கோட்டுக்குள் போய் மறைந்தது. இழுத்தாள். வார் இறுகியது. இன்னும் இழுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, மிக மெதுவாக, ஒரு விரற்கடை அளவு, வார் உள்ளே போனது.

அவள் கையை விட்டுவிட்டாள்.

அது தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. பாசிக்கும் பாசிக்கும் நடுவில். தெரியாதவர் ஆயிரம் தடவை மிதித்துப் போனாலும் தெரியாத கோடு. அவளுக்குத் தெரியும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் இருபத்தொரு வருடமாக மூக்கை மண்ணில் வைத்து ஊர்ந்திருக்கிறாள். பொத்தான் அளவுக்கு, மிஞ்சிப்போனால் கரண்டி அளவுக்குத் தேடிய கண். நிமிர்ந்து தேடியதே இல்லை.

கோடு இடப்பக்கம் வளைந்து போனது. இரண்டாவது மரத்தின் அடியைத் தொட்டது. மூன்றாவதைத் தொட்டது. முற்றத்தைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் பாறையடிக்குப் போனது. வலப்பக்கமும் அப்படியே. ஏழு மரங்களின் அடியும் அந்தக் கோட்டில்தான் வந்து முடிந்தன. பாசியை விரலால் லேசாக விலக்கினாள். மரத்தின் அடியையும் முற்றத்தின் விளிம்பையும் சேர்த்து, கம்பளித் தடிமனில், வெள்ளை வெளேரென்று நூல் கட்டியிருந்தது.

ஓட வேண்டிய திசை கீழே. அவள் ஓடியது கொட்டகைக்குள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக் கட்டிலில் ஏறி, இரண்டு கால்களையும் தூக்கி மடக்கி உடம்போடு சேர்த்துக்கொண்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கட்டில் எதன் மேல் நிற்கிறது? கொட்டகை எதன் மேல் நிற்கிறது?

செல்போனை எடுத்தாள். இங்கே எப்போதும் போலவே சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. *வராதே. மேலே வராதே.* தட்டி அனுப்பினாள். சிவப்புக் குறி. மறுபடி. சிவப்புக் குறி. கையை உயர்த்திப் பிடித்து அனுப்பினாள். கட்டில் கிறீச்சிட்டது. அப்படியே இருந்துவிட்டாள், தூக்கிய கையோடு, தோள் மரத்துப்போகும்வரை.

இரண்டு மணி. கீழே இறங்கிச் சாலைக்குப் போக இருபது நிமிடம். போகலாம். முற்றத்தில் பதினைந்து அடி, அப்புறம் கோடு, அப்புறம் மரம். மரத்தில் கால் வைத்ததும் அடியில் இருப்பதற்குத் தெரிந்துவிடும். மரத்தை விட்டு மண்ணில் இறங்கினாலும் கோட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். பின்பக்கம் பாறை, பல்லிக்குக்கூடப் பிடி கிடையாது. போகலாம், போகலாம் என்று மனம் சொல்லச் சொல்ல, கால்கள் இன்னும் இறுக்கமாக மடங்கின. ஒரு தடவை தரையில் ஒரு விரலை வைத்தாள். தகரச் சுவர் எங்கோ டிக்கென்றது. விரலை எடுத்துவிட்டாள்.

மூன்று மணி. பசி அடங்கியிருக்கும் என்று நினைத்தாள். அவள் நோட்டிலேயே இருக்கிறது: வயிறு நிறைந்த சிலந்தி மூடியை உள்ளேயிருந்து நூலால் தைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். இரண்டாம் வருடம் அப்படிக் கிடந்தது. போன வருடமும் கிடந்தது. அந்த இரண்டு அளவுக்காரர்களும் பொறுப்பில்லாமல் போகவில்லை. அந்த நீளமான கடிதத்தின் ஒவ்வொரு வரியும் ஞாபகம் வந்தது.

பக்கத்து மூலையில் டேப்புக்காரரின் பை இருந்தது. சைடு ஜிப் திறந்து, மடித்த சட்டையின் கை வெளியே தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நான்கு மணி. மரங்களின் நிழல் முற்றத்தின் மேல் ஏறியது. அடியில், மிக ஆழத்தில், பட்டுப் புடவையை மடிப்பதுபோல ஒரு சரசரப்பு. நிற்கும். கொஞ்சம் மேலே கேட்கும். நிற்கும். இன்னும் கொஞ்சம் மேலே. வெளியே சரிவில், நூற்றுக்கணக்கான சின்ன மூடிகளுக்குள், அவை எல்லாம் வளையின் அடியில் ஒடுங்கிக் கிடப்பதை நினைத்தாள். அவற்றுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது.

நாலரைக்குப் பென்சில் பின்சுவருக்கு உருண்டது.

திரும்பி வரவில்லை.

ஆக, பசி அடங்கவில்லை. மூடி ஒரு விரல் திறந்திருக்கிறது. காத்திருக்கிறது. பொழுது சாய்கிற நேரம் அவற்றின் நேரம். நோட்டில் அதுவும் இருக்கிறது.

ஐந்து பத்துக்குக் கீழே சாலையில் ஹாரன் கேட்டது. மூன்று தடவை. மகள் எப்போதும் அப்படித்தான் அடிப்பாள்.

அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். இறங்கினோம் என்பதே தெரியாமல் இறங்கினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். முற்றத்தில் கால் வைத்தாள். பாசி காலுக்கடியில் லேசாகச் சரிந்திருந்தது. விளிம்புப் பக்கம் உயரமாக, கொட்டகைப் பக்கம் தாழ்வாக. ஓரடி. இன்னும் ஓரடி. ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. விளிம்பில் போய்க் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தாள். மரங்களுக்கு நடுவில், வெகு கீழே, மகளின் நீலத் துப்பட்டா.

“குட்டி. வராதே. போயிடு.”

குரல் எழும்பவில்லை. நான்கு மணி நேரம் வாயைத் திறக்காத தொண்டை. மறுபடி கத்தினாள். ஓடையின் சத்தம் அதை விழுங்கியது. நீலம் மேலே வந்துகொண்டிருந்தது.

அப்போது முடிவு செய்தாள். ஒன்றுதான் அதன் வாய்க்குள் போகும் என்றால் அது தானாக இருக்கட்டும். எழுந்து, விளிம்பைத் தாண்டி, மரத்தின் மேல் ஏறி, இரண்டு காலாலும் குதித்தாள். குதிகாலால் இடித்தாள். விழுந்து உள்ளங்கைகளால் அறைந்தாள். வா. என்னை எடு. எடுத்துக்கொண்டு மூடு. வா.

வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். முற்றத்தின் விளிம்பு ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி நின்றது. அடியில் கறுப்பு. அந்த இடுக்கில் வரிசையாக நகங்கள், அவள் மணிக்கட்டைவிடப் பருமனாக, ஈரமாக. அதில் ஒன்று மெதுவாக நீண்டு வந்தது. அவள் மரத்தின் மேல் ஊன்றியிருந்த கையைத் தொட்டது. விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. கையின் சூட்டை ஒரு கணம் வைத்திருந்தது.

பின்வாங்கிக்கொண்டது.

நான்கு வருடம். தினமும் காலையில் எட்டு மணிக்கு இறங்குகிற கால். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுகிற கால். ஒரே எடை, ஒரே இடைவெளி. அவளை அது கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது.

நான்கு மணி நேரம் உயிருக்குப் பயந்து கட்டிலில் கிடந்தாள். இந்தச் சரிவில் பயமில்லாமல் நடந்து போய்ச் சாலையில் நின்று காரை நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

டக்.

மெல்லிய சத்தம். மரத்தின் மறுமுனையில். கையடியில் மரம் அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

டக். டக்.

முற்றத்து விளிம்பில் நகங்கள் இடம் மாற்றிக்கொண்டன. அவளைத் தாண்டி, மரத்தின் நேருக்கு.

அவள் குறுக்கே பாய்ந்தாள். விளிம்பின் மேலேயே விழுந்து, முழு உடம்பையும் அதன் மேல் கிடத்தி, கீழே அழுத்தினாள். அது அவளைச் சுமந்துகொண்டது. ஒரு சருகு விழுந்ததுபோல.

மகள் மரத்தின் வளைவைத் தாண்டி வந்தாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பூனைபோல, காலைப் பார்த்தபடி. இருபதடி தூரத்தில் நிமிர்ந்தாள்.

“என்னம்மா, தரையில படுத்துக்கிட்டு இருக்கே? அந்தத் தம்பி எங்க?”

“குட்டி. மரத்தை விட்டு இறங்கு. மண்ணுல குதி. குதிச்சு ஓடு.”

மகள் சிரித்தாள். “மண்ணுலயா? நீயா சொல்றே?”

“குதிடி.”

அம்மா அவளை ஒரு நாளும் ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை. மகளின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. ஏன் என்று கேட்கவில்லை. சொன்னால் கேட்கிற பெண். திரும்பி, வலது காலைத் தூக்கி, இறங்குவதற்காகக் கீழே பார்த்தாள்.

மஞ்சள் கொடி. பக்கத்தில் மஞ்சள் கொடி. அதற்குப் பக்கத்தில் ஒன்று. சாணுக்குச் சாண், வரிசை வரிசையாக, அம்மா தன் கையால் குத்தியவை. கால் ஓரிடத்தில் இறங்கப் போயிற்று. அங்கே ஒரு மூடி இருந்தது. கால் மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி. அங்கேயும் ஒன்று.

“மிதிச்சுக்கோ. எல்லாத்தையும் மிதிச்சுக்கோ.”

முற்றம் எழுந்தது.

சத்தமில்லை. அவள் படுத்திருந்த விளிம்பு அவளையும் தூக்கிக்கொண்டு மேலே போனது. பாசி செங்குத்தாயிற்று. அவள் நகங்களைப் பாசியில் பதித்தாள். பாசி பிய்ந்து கையோடு வந்தது. பின்னால் கொட்டகையின் தகரம் பாறையில் மோதி நசுங்கியது. கால்கள் கீழாக அதை நோக்கிச் சறுக்கிக்கொண்டே, விளிம்புக்கு மேலாகப் பார்த்தாள். கீழே கொடிகள், ஒரு வரிசை, அடுத்த வரிசை, அடுத்த வரிசை, நிழலுக்குள் போய்க்கொண்டிருந்தன. நிழல் மகளின் கால்வரை வந்தது. விரித்த கைகளை மறைத்தது.

கடைசியாக அவளுக்குத் தெரிந்தது மகளின் உச்சி வகிடு. அது குனிந்தபடியே இருந்தது. எந்த மூடியும் நொறுங்காமல் கால் வைக்க, ஓரிடம் தேடிக்கொண்டிருந்தது.